மூஸ் ஜோ வருவதற்கு முன்

ஜனவரி 16, செவ்வாய்

சாம்பவியை வைத்தியசாலையில் மறித்துவிட்டார்கள். ஏழாம் மாதம், இருபத்தெட்டாம் கிழமையிலேயே பனிக்குடம் கசியத் தொடங்கிவிட்டது. பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே படுத்திருக்க வேண்டுமாம். எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறாளோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார். என் மகளுக்கு முப்பத்தாறு வயது. இதுதான் முதல் பிள்ளை.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் எவ்வளவோ வசதி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். பிறகு அடுப்பைத் துடைத்தேன். பிறகு மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன்.

ஜனவரி 17, புதன்

ஸ்கார்புரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வைத்தியசாலைக்குப் போனேன். மருமகன் எனக்கு முன்பே வந்து கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். பெயர் செண்பகராஜ். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்காரர். இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரர். மூன்று வருடத்துக்கு முன் சாம்பவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்து "இவரைத்தான் கட்டப்போறன்" என்றபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் குறை என்று அவள் பிறகு சண்டை பிடித்தாள்.

அவர் என்னை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்தில் அத்தை என்றால் ஆள் வேறு. மனைவியின் தாயை மாமி என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை திருத்தினேன். "சரிங்க அத்தை" என்றார்.

இன்றைக்கு ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்திருந்தார். "நீங்களும் குடிங்க அத்தை. பஸ்ஸுல குளிர்ல வந்திருப்பீங்க" என்றார். உப்புக் குறைவு. இரண்டு கோப்பை குடித்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

புதிதாக வந்த தாதி சாம்பவியிடம் குடும்ப விபரம் எல்லாம் கேட்டாள். "நீங்கள் நிறைமாதத்தில் பிறந்தவரா?" என்றதும் சாம்பவி சிரித்துக்கொண்டு, "நான் ரயிலில் பிறந்தவள்" என்று தொடங்கிவிட்டாள்.

அது அவளுடைய அப்பாவின் கதை. குலேந்திரன் போய் நான்கு வருடமாகிறது. அவர் இருந்தவரை கலியாண வீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதை உண்டு. "டொரோண்டோ ஸ்டேசனிலை நான் பூங்கொத்தோடை நிக்கிறன். ரயிலைக் காணேல்லை. கேட்டால், வழியிலை ஒரு பயணி கூடிப்போச்சு எண்டு சொல்லுறாங்கள். இவள் ஒருக்காத் தும்மினவளாம், பிள்ளை வந்திட்டுதாம்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

தாதி சிரித்துவிட்டு, "எத்தனையாவது கிழமையில்?" என்றாள். சாம்பவி என்னைப் பார்த்தாள்.

"முப்பத்திமூண்டு இருக்கும்" என்றேன்.

"என்ன? அப்ப நான் குறைமாதமோ?"

"ஓம்."

"ஏனம்மா ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

தாதி அதை எழுதிக்கொண்டு போனாள். சாம்பவி கட்டிலில் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அம்மா, அப்பா அந்த ரயிலிலை இருக்கேல்லை. நீங்கள்தான் இருந்தனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பி வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது.

ஜனவரி 20, சனி

போகவில்லை. உடுப்புத் தோய்த்தேன்.

ஜனவரி 22, திங்கள்

சொல்லத் தொடங்கிவிட்டேன். வேறென்ன செய்வது? அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். தொலைக்காட்சியும் பிடிக்கவில்லை.

1987 பிப்ரவரி. எனக்கு இருபத்துமூன்று வயது. கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங் என்று மாறி மாறிப் பறந்து வான்கூவரில் வந்து இறங்கினேன். தொளதொளத்த கோட்டுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு வந்தேன். குலேந்திரன் அதற்கு முன்பே டொரோண்டோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். விமானத்தில் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இனி விமானம் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அகதிகளுக்கு உதவ வந்த ஒரு தேவாலயத்துப் பெண்தான் ரயிலில் ஏற்றிவிட்டாள். கண்டத்தின் இந்தக் கரையில் ஏறி மற்றக் கரைப் பக்கம் இறங்க வேண்டும். என் கையில் ஒரு பை. வாயில் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொல்.

இருட்டில் புறப்பட்ட ரயில் விடியும்போது மலைக்குள் நின்றது. நான் அதுவரை பார்த்த பெரிய மலை எங்கள் ஊர்ப்பக்கத்துக் கீரிமலை. அதுவும் பெயரில்தான் மலை. இங்கே ஜன்னலில் நெற்றியை ஒட்டி மேலே பார்த்தாலும் உச்சி தெரியவில்லை. வளைவொன்றில் எங்கள் ரயிலின் முன்பக்கமே பாம்புபோல எனக்கு எதிரில் வந்தது. ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்த ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து, போன இடத்துக்கு மேலால் வெளியே வந்தது.

"பயமா இருந்ததோ?" என்று சாம்பவி கேட்டாள்.

"இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பாத்தனான். நான் உயிரோடை இருக்கிறன், உலகம் இவ்வளவு பெரிசு எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னபிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த மலைகள் அப்படியே உள்ளே இருந்திருக்கின்றன.

மருமகன் வேலையுடுப்போடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது.

ஜனவரி 23, செவ்வாய்

"அத்தை, நேத்து மலை வரைக்கும் சொன்னீங்க" என்றார் மருமகன். கதை கேட்பதற்காக வேலைநேரத்தை மாற்றிக்கொண்டாராம். வேலையில்லாத மனிதர்.

இன்றைக்கு ஒலேனா வந்தாள், கதைக்குள். கல்கரி என்ற ஊரில் ஏறி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த வயதான பெண். உக்ரைனிலிருந்து சின்ன வயதில் வந்து சமவெளியில் கோதுமை விதைத்தவள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை. உட்கார்ந்ததும் என் கோட்டைப் பார்த்தாள். விரலால் என் வயிற்றைத் தொட்டு, "எப்போ?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். விமானநிலையத்தில் எத்தனை அதிகாரிகள் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு மாதம். அவள் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்து அவித்த முட்டை தந்தாள்.

மலை முடிந்து சமவெளி வந்தது. வானமும் நிலமும் ஒரே வெள்ளை.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை. வீதியெல்லாம் பனி. போன வருடம் இதைவிடப் பனி, அப்போது போனேன். இந்த வருடம் போய்க் கேட்பதற்குத் துணிவில்லாமல் இல்லை. பனிதான் காரணம்.

கடையில் குழந்தை உடுப்புகள் மலிவு விற்பனை. பார்க்காமல் வந்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

காலையில் சாம்பவிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டு, மருந்து ஏற்றி நிறுத்தினார்கள். நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். அழுக்காக இருந்தது.

ஜனவரி 29, திங்கள்

இன்றைக்கு அவளே கேட்டாள். "நோ எப்ப வந்தது? வெள்ளிக்கிழமை எனக்கு வந்தமாதிரியோ வந்தது?"

சொன்னேன். ஸ்விஃப்ட் கரன்ட் என்ற ஊர் தாண்டியதும் முதுகில் தொடங்கியது. வெளியே பனிப்புயல். சிறிது தூரம் போய் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை மூடிப் பனி குவிந்துவிட்டதாம். அடுத்த பெரிய ஊர் மூஸ் ஜோ. அங்கிருந்து பனி தள்ளும் எஞ்சின் வரவேண்டும். ஒலேனா எழும்பிப் போய் ரயில் உதவியாளரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வால்டர் என்று பெயர். நெடிய கறுப்பின மனிதர். என்னைத் தாங்கிக்கொண்டு போய் ஆளில்லாத ஒரு படுக்கை அறைக்குள் விட்டார். வைத்தியர் யாராவது ரயிலில் உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஒரு பல் வைத்தியர் வந்தார். கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார். "கடவுள் துணை" என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாம்பவி சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. "நீங்க மட்டும் தனியாவா இருந்தீங்க அத்தை?" என்றார்.

"ஒலேனா இருந்தவ."

"அந்த அம்மாவுக்கு உங்க பாஷை தெரியாதே."

"நோவுக்கு என்ன பாஷை, தம்பி?"

ஒலேனா சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு முழங்காலில் நின்றாள். அவள் உக்ரைன் மொழியில் ஏதோ சொல்ல, நான் தமிழில் கத்த, மத்தியானம் முழுவதும் அப்படிப் போனது. தும்மல் ஒன்றும் வரவில்லை. பிள்ளை பிறந்தாள். என் இரண்டு உள்ளங்கை அகலம் இருப்பாள்.

அங்கே நிறுத்திவிட்டேன்.

"பிறகு?" என்றாள் சாம்பவி.

"நாளைக்கு."

ஜனவரி 30, செவ்வாய்

நேற்று நித்திரை இல்லை. நாளைக்கு என்று சொல்லியிருக்கக்கூடாது. 1985ஐப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

ஜனவரி 31, புதன்

சொல்லிவிட்டேன்.

பிள்ளை அழவில்லை. நீலமாகக் கிடந்தாள். ஒலேனா தூக்கிப் பார்த்தாள். முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, தன் தலைத்துணியை அவிழ்த்து, பிள்ளையைச் சுற்றி முகத்தையும் மூடினாள். வால்டர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் 'தா!' எண்டு கத்தினன்" என்றேன். "தமிழிலைதான் கத்தினன். அவவுக்கு விளங்கினது. தந்திட்டா."

எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தோம். மூச்சில்லாமல் விழும் குட்டிகளை என்னைப் பெற்ற ஐயா என்ன செய்வார் என்று சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். துணியைப் பிரித்தேன். விரலை விட்டு வாய்க்குள் இருந்ததை வழித்தேன். கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தேன். நிமிர்த்தி, வாயையும் மூக்கையும் என் வாயால் மூடி ஊதினேன். மெல்லமாக, விளக்கை ஊதுவதற்குக்கூடப் போதாத அளவு. மறுபடியும் தேய்த்தேன். ஒலேனா என் தோளில் கைவைத்து, போதும் என்பதுபோல அழுத்தினாள். கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் ஊதினேன்.

"அப்ப நான் அழுதனோ?"

"பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு ரயில் முழுக்கக் கேக்கிற மாதிரி."

சாம்பவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "எல்லாரும் செத்துப்போச்சு எண்டு நினைக்கேக்கை நீங்கள் மட்டும் ஏன் விடேல்லை?"

மருமகன் எழும்பி வெளியே போகப் பார்த்தார். "இருங்கோ தம்பி" என்றேன். சொல்லுவதென்றால் இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

"உனக்கு முன்னம் ஒரு அண்ணா பிறந்தவன். எண்பத்தைஞ்சிலை. வெளியிலை ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போகேலாது. மருத்துவிச்சி வீட்டை வந்தவ. அவனும் அழேல்லை. வெள்ளைத் துணியாலை சுத்திக் கொண்டுபோயிட்டினம். முகத்தை எனக்குக் காட்டேல்லை. நானும் கேக்கேல்லை, எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. பெரியாக்கள் செய்யிறது சரியாத்தான் இருக்கும் எண்டு கிடந்தன். ரயிலிலை ஒலேனா துணியாலை மூடினதைக் கண்ட உடனை எழும்பிட்டன். அவன் முகத்தை நான் பாக்காமலே போயிட்டான். இவளையும் அப்பிடி விடமாட்டன் எண்டு."

சாம்பவி என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

"அப்பா ஏன் எல்லாரையும் சிரிக்க வச்சவர்?"

"அவர் அங்கை இல்லை, பிள்ளை. மகன் போகேக்கையும் கொழும்பிலை, நீ வரேக்கையும் டொரோண்டோவிலை. அந்தாள் வேறை என்ன செய்யிறது? சிரிச்சால்தான் சொல்ல ஏலும்."

பிறகு மூஸ் ஜோவையும் சொல்லி முடித்தேன். ரயில் சமையற்கட்டிலிருந்து துவாய்களை அடுப்பில் சூடாக்கி மாற்றி மாற்றித் தந்தார்கள். பிள்ளையை உடுப்பில்லாமல் என் நெஞ்சோடு ஒட்டி, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டேன். பனி தள்ளும் எஞ்சின் வந்து, ரயில் அசைந்து, மூஸ் ஜோ வந்தது. மேடையில் தூக்குக்கட்டிலோடு நின்றார்கள். படுக்கச் சொன்னார்கள். நான் படுக்கவில்லை. வால்டர் ஒரு பக்கம், ஒலேனா ஒரு பக்கம், நடந்தே இறங்கினேன். எல்லா ஜன்னலிலும் முகங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். சத்தம் கேட்கவில்லை, கைகள்தான் தெரிந்தன. வைத்தியசாலையில் நிறுத்துப் பார்த்தார்கள். நாலு றாத்தல், இரண்டு கிலோகூட இல்லை. ஆறு றாத்தலாக இருந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்திராது.

மருமகன் என்னை பஸ் தரிப்புவரை கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும், "அத்தை, அண்ணனுக்கு என்ன பேரு வச்சீங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெயர் வைக்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 3, சனி

குழந்தைக் காலுறை வாங்கினேன். மூன்று சோடி.

பிப்ரவரி 7, புதன்

காலையில் பிள்ளையின் இதயத் துடிப்பு விழுந்துவிட்டது. உடனே சத்திரசிகிச்சை என்று கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். கதவடியில் தாதி திரும்பி, "உள்ளே ஒருவர் மட்டும். யார்?" என்றாள்.

சாம்பவி என்னைப் பார்த்தாள்.

மருமகன், "நீங்க போங்க அத்தை. அவ உங்களத்தான் பாக்குறா. உங்களுக்குத்தான் என்ன செய்யணும்னு தெரியும்" என்றார். சொல்லும்போதே உதடு கோணியது.

எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது.

"இல்லைத் தம்பி. நீங்கள் போங்கோ. தகப்பன் உள்ளுக்கை நிக்கவேணும். பிறகு வெளியிலை நிண்டவன்ரை கதை சொல்லிக்கொண்டு திரியவேண்டாம்."

அவர் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு ஓடினார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. தடுக்க நேரமிருக்கவில்லை.

நடைவழியில் நின்றேன். உட்காரவில்லை. எதிர்ச்சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை முறை மனதுக்குள் கையைக் கழுவினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கதவு திறந்தது. மருமகன் பச்சை உடுப்போடு, முகமூடியைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"பொண்ணு. அத்தை, எடுத்த உடனே கத்திட்டா! டாக்டர் காதுலயே கத்திட்டா! நான் பாத்தேன், அத்தை. எல்லாத்தையும் பாத்தேன்."

"சாம்பவி?"

"நல்லாருக்கா. உங்களத்தான் கேக்குறா."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். இடையில் ஒரு வார்த்தையும் குறுக்கிடவில்லை நான்.

பிப்ரவரி 8, வியாழன்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். ஒன்றரைக் கிலோ. மூக்கில் குழாய், காலில் வயர். பக்கத்துத் துளைவழியாகக் கையை விடலாம் என்றாள் தாதி. என் சுண்டுவிரலைப் பிடித்தாள். பிடி என்றால் பிடி.

முகத்தை நன்றாகப் பார்த்தேன். சாம்பவியின் நெற்றி, கோவில்பட்டி மூக்கு.

பிப்ரவரி 14, புதன்

குறைமாதப் பிள்ளையை வெறும் நெஞ்சில் போட்டு வைத்திருந்தால் நன்றாக வளரும் என்று தாதி சாம்பவிக்கும் மருமகனுக்கும் விளக்கப்படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். மருமகன் நடுவில் மறித்து, "எங்க அத்தை இத எண்பத்தேழுலயே செஞ்சுட்டாங்க" என்று ஆங்கிலத்தில் தொடங்கி ரயில், பனி, மூஸ் ஜோ எல்லாவற்றையும் சொன்னார். தாதி மற்றத் தாதிகளையும் கூப்பிட்டாள். பல் வைத்தியர் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். 'தா' என்ற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தமுறை நான் எழும்பிப் போகவில்லை. ஓரிடத்தில் அவர் பிழைவிட்டார். ரயில் நின்றது மூஸ் ஜோவுக்கு முன்பு, பிறகு அல்ல. திருத்தினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

குழாய் எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள், தானாகக் குடிக்கிறாள். மூன்று சோடிக் காலுறையும் பெரிது.

மார்ச் 16, சனி

சின்னவள் வீட்டுக்கு வந்து மூன்று நாள். மூன்று மாதத்துக்கு எல்லோரும் என் வீட்டில்தான். மருமகன் குசினியைப் பிடித்துக்கொண்டார். என் மிளகாய்த்தூளை அவருக்குத் தொடத் தெரியவில்லை. அவருடைய புளிக்குழம்பை இரண்டு நாளும் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். இன்றைக்கு உப்பு சரியாக இருந்தது என்று சொல்லியும் விட்டேன்.

மார்ச் 21, வியாழன்

சாம்பவி நித்திரை. மருமகன் வேலைக்குப் போய்விட்டார். சின்னவளை நான் குளிக்க வார்த்தேன். தண்ணீர் பட்டதும் தொடங்கினாள். துடைக்கும்போதும் நிறுத்தவில்லை. பால் கொடுத்தும் நிறுத்தவில்லை. முகம் சிவந்து, கைகால் உதறி, அப்படி ஒரு கத்தல்.

மணி அடித்தது. கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்த மனிதர். பெயர் தெரியாது. இரவு வேலை போலிருக்கிறது, கண்ணெல்லாம் நித்திரை.

"மன்னிக்க வேண்டும். குழந்தை நெடுநேரமாக அழுகிறது" என்றார் ஆங்கிலத்தில்.

சின்னவள் என் தோளில் கிடந்து அவருடைய முகத்துக்கு நேரே கத்தினாள். இப்போது மன்னிப்புக் கேட்க எனக்குப் போதிய ஆங்கிலம் உண்டு. கேட்கவில்லை.

"கீழே வரைக்கும் கேட்கிறதா?" என்றேன்.

"நன்றாகக் கேட்கிறது."

"உண்மையாகவா?" என்று கேட்டுக்கொண்டு, அவர் இன்னும் வடிவாகக் கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்தேன்.